யார் கைப் பின்னல்

மாஃபெட்டெங்
3 ஜூலை 2005

செய்பாதி,

"அன்புள்ள" என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. அதனால் வெறும் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் பாதியில் மனசு இளகி விட்டுவிடுவேன். தாளில் என்றால் முழுசாகத் திட்டலாம். லெபுசா அண்ணனின் டாக்சியில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் தினமும் எல்லை தாண்டி உன் ஊருக்கு வருகிறவர், உன் கையில் கொடுக்காமல் திரும்ப மாட்டார்.

அம்மாவை மண்ணில் வைத்த மறுநாள் காலை, முற்றமெல்லாம் வெள்ளையாக உறைபனி. பெஞ்சு போட்டு, கற்றாழை வெட்டிப் போட்ட தண்ணீர் வைத்து, துக்கத்துக்கு எல்லோர் தலையையும் மழிக்க அத்தை மாலெபோனா புதுப் பிளேடோடு உட்கார்ந்தாள். மூத்தவள் நான், முதலில் என் தலையைக் கொடுத்தேன். அடுத்து உன் பெயரைக் கூப்பிட்டாள்.

"எங்கடி அவ?"

"உள்ள இருப்பா அத்தை."

என் மகள் நலேடி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சித்தியோட பையக் காணோம்" என்றாள்.

முதல் டாக்சிக்கே போய்விட்டாய். அத்தை பிளேடை விரலிடுக்கில் வைத்தபடி பனி உருகும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி, "பெத்தவளைவிட மயிரு பெரிசாப் போச்சா அவளுக்கு?" என்றாள். உனக்காகப் பரிந்து பேச என்ன இருந்தது?

உனக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் போனதால், சாவு உன்னைப் பார்க்காமல் போகட்டும் என்று "ஒளிந்துகொள்பவள்" என்று அர்த்தம் வரும் பெயரை வைத்தாள் அம்மா. அவள் சாவிலேயே அந்தப் பெயரைக் காப்பாற்றிவிட்டாய்.

அந்தத் தலைமுடி உன்னுடையது என்றா நினைக்கிறாய்? உன் ஆறாவது வயதிலிருந்து நீ வேலைக்குப் போகும்வரை அதைப் பின்னிப் பின்னி ஆளாக்கியது இந்தக் கை. அதன் பிறகும் ஒவ்வொரு விடுமுறைக்கும் என் கன்டெய்னர் பின்னல் கடையில் வந்து உட்கார்ந்தாய். வேறு ஒரு கை உன் தலையில் பட்டதில்லை என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். கொஞ்ச வருடமாக நீ வருவதில்லை. பட்டணத்து சலூன் பிடித்துப்போயிருக்கும்.

டிசம்பர் கடைசியில் துக்கம் முடித்துக் கறுப்பு எடுக்கிறோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அத்தை ஒவ்வொரு தலையாகத் தடவி, புதிதாக வளர்ந்த முடி உள்ளங்கையில் பட்ட பிறகுதான் "உங்கம்மா உன்னை விட்டுட்டா, போ" என்று சொல்லிக் கறுப்புத் துணியைக் கழற்றுவாள். மழிக்காத தலையில் அவள் எதைத் தடவுவாள்? நீ வராதே.

மாநலேடி
(நலேடிக்கு அம்மா, அவ்வளவுதான். அக்கா என்று போட இன்று மனம் இல்லை.)


புளூம்ஃபொன்டெய்ன்
17 ஜூலை 2005

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. டயர் கடையில் மூன்று நாள்தான் விடுப்புக் கொடுத்தார்கள். வரவேற்பு மேசையில் நான் இல்லாவிட்டால் போன் எடுக்க ஆள் இல்லை. அதனால்தான் கிளம்பினேன். சொல்லாமல் கிளம்பியது தப்பு.

கறுப்புத் துணியைச் சட்டைக் கையில் குத்தியிருக்கிறேன். ஒரு நாள்கூட எடுத்ததில்லை. அம்மாவைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை. நம்பினால் நம்பு.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. சாவு வீட்டில் நலேடி என் மடியில் படுத்திருந்தபோது அவள் நெற்றி ஓரத்தைப் பார்த்தேன். முடி தொடங்கும் இடத்தில் வரிசையாக வெள்ளைக் கொப்புளம். அவளுக்குக் கொஞ்சம் தளர்த்திப் பின்னக் கூடாதா?

தங்கை
செய்பாதி


மாஃபெட்டெங்
2 ஆகஸ்ட் 2005

செய்பாதி,

நன்றாக இருக்கிறது. டயர் கடையில் போன் எடுக்கிறவள் எனக்குப் பின்னல் சொல்லித் தருகிறாள்.

கொப்புளமாம். பின்னிய மூன்றாம் நாள் கொப்புளம் வராத தலை எந்தத் தலை? உனக்கு வரவில்லையா? என் பின்னல் இரண்டு மாதம் அசையாது என்பதால்தான் மலை மேலிருந்தெல்லாம் குதிரையில் வந்து என் கடை வாசலில் உட்கார்கிறார்கள். வலிக்கிறது என்று முனகுகிறவளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "வலிக்குதா? அப்ப சரியாப் பின்னியிருக்கேன்." எல்லோரும் சிரிப்பார்கள், கண்ணீரோடு.

இதோடு முடித்து ஒட்டியிருப்பேன். ஆனால் நேற்று லெபுசா அண்ணன் கடைக்கு வந்தார். வெகுநேரம் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"என்னண்ணே, பேசுங்க. தொப்பி கிழிஞ்சுரும்."

"தப்பா எடுத்துக்காத மாநலேடி. உன் தங்கச்சிய ரெண்டு தரம் பாத்துட்டேன், அங்க ஒரு தோல் டாக்டர் வாசல்ல. மெலிஞ்சும் போயிருக்கா. தலையில ஸ்கார்ஃப இறுக்கிக் கட்டியிருந்தா, அது நழுவுச்சு. முடி... அங்க முடி இல்லம்மா."

அவர் போன பிறகு ஒரு தலையும் பின்ன முடியவில்லை. வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

செய்பாதி, மெலிவது, தோல் டாக்டர், முடி கொட்டுவது. இது மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் என்ன என்று குழந்தைக்கும் தெரியும். பெயரை எழுத மாட்டேன். நம் தெருவில் அது நுழையாத வீடு இல்லை. அதனால்தானா ஓடினாய்? இருந்தால் இருக்கட்டும். இப்போது மாத்திரை வந்திருக்கிறது, மாஃபெட்டெங்கிலேயே கொடுக்கிறார்கள், நானே உன்னோடு வரிசையில் நிற்கிறேன். எவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிடலாம்.

அம்மாவைக் கொடுத்து இரண்டு மாதம் ஆகவில்லை. உன்னையும் கொடுக்க என்னால் முடியாது. உடனே எழுது.

அக்கா


புளூம்ஃபொன்டெய்ன்
14 ஆகஸ்ட் 2005

அன்புள்ள அக்கா,

அந்த நோய் இல்லை. இரண்டு முறை இரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். முதலில் இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி.

முடிதான் போய்விட்டது. ஐந்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நெற்றியிலிருந்து காதுக்குக் காது, நான்கு விரல் அகலத்துக்கு ஒன்றும் இல்லை. தோல் மட்டும், வழுவழுவென்று. அதன் பின்னால் கொஞ்சம் சோகையாக இருக்கிறது. உச்சிக்குப் பின்னால் பழைய முடி அப்படியே. கடைக்கு விக் வைத்துப் போகிறேன். காற்றடித்தால் கை தன்னால் தலைக்குப் போகிறது. ஒருவர் கல்யாணம் பற்றிப் பேசினார், உனக்கு அவரைத் தெரியாது. தலையைக் காட்ட வேண்டி வருமே என்று நானே வேண்டாம் என்றேன். நான் மெலிந்ததற்கு வேறு காரணம் இல்லை.

தோல் டாக்டர் வயதான வெள்ளைக்காரி. பண்ணையில் வளர்ந்தவள், நம் மொழியை நம்மைவிட அழுத்தமாகப் பேசுவாள். மைசூர்ப் பருப்பு அளவுக்குத் தோல் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் தாளில் ஒரு தலையை வரைந்து, நடுவில் கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டுக்கு முன்னால வேர் செத்துப்போச்சு மகளே. தழும்பாயிடுச்சு. எந்த எண்ணெயும் எந்த மருந்தும் அங்க முளைக்க வைக்காது. யாராவது முளைக்கும்னு சொன்னா, பொய்."

"கோட்டுக்குப் பின்னால?"

"அங்க உயிர் இருக்கு. அதைக் காப்பாத்தத்தான் நாம பாடுபடணும்."

அந்தப் பாடு இதுதான். வீக்கம் அடங்க மாதம் ஒரு தரம் தலையிலேயே ஊசி, ஒரே உட்காரலில் இருபது குத்து. சில மாதத்துக்கு மாத்திரை. காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாகத் தடவ ஒரு மருந்து. அது பலன் கொடுத்தாலும், நிறுத்தினால் வந்தது திரும்பப் போய்விடுமாம், அதனால் நிறுத்தவே கூடாது. முடியை நேராக்கும் கிரீம் கூடாது, சூடான சீப்பு கூடாது. பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுகிற அறுவை ஒன்று ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறது. தலை இரண்டு வருடம் அமைதியாக இருந்த பிறகுதான் அதை யோசிக்கவே முடியும், தழும்பில் நட்டது பிடிக்காமலும் போகலாம் என்றாள். அது நமக்கு எட்டாத காரியம், விடு.

இப்போது தெரிகிறதா? மழிக்க என் தலையில் பாதிதான் இருந்தது. டிசம்பரில் தடவினாலும் அத்தையின் கையில் ஒன்றும் படாது.

காரணம் கேட்பாய். பரம்பரை, சத்துக்குறைவு, கிரீம், பல காரணம் இருக்கும் என்கிறாள்.

செய்பாதி


மாஃபெட்டெங்
28 ஆகஸ்ட் 2005

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். "அந்த நோய் இல்லை" என்ற வரி வந்ததும் சத்தமாக அழுதுவிட்டேன். பாதிப் பின்னலில் இருந்தவள் தன் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கண்ணாடியைத் தேடினாள்.

முடிதானே! பைத்தியக்காரி, இதை அக்காவிடம் சொல்ல ஐந்து வருடமா? தலைமுடி விஷயத்துக்கு என்னை விட்டுவிட்டு வெள்ளைக்காரியிடம் போயிருக்கிறாய். அவளுக்கு நம் முடியைப் பற்றி என்ன தெரியும்? இருபது குத்து என்று படித்தபோது எனக்கே தலை கூசியது. ஊசியை நிறுத்து.

லெபுசா அண்ணனிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். பெரிய பாட்டிலில் இருப்பது ஆமணக்கெண்ணெய், வெதுவெதுப்பாகத் தேய். சின்னதில் வெங்காயச் சாறு, நாறும், பொறுத்துக்கொள். வாரம் ஒரு முட்டை. பிளாஸ்டிக் கேனில் இருப்பது சபையில் ஜெபித்த தண்ணீர், அதைக் குடிக்கவும் செய்யலாம். செத்த வேராம். கடவுளுக்குத் தெரியாத வேரா?

அதுவரை கவலைப்படாதே. டிசம்பருக்கு நீ கட்டாயம் வருகிறாய், ஒரு வாரம் முன்னாலேயே வா. பின்னால் இருக்கும் முடியை முன்னுக்கு இழுத்து, நல்ல இறுக்கமாகப் பின்னி, மேலே சவுரி முடி தைத்துவிடுகிறேன். நெற்றியில் ஒன்றும் இல்லை என்று உன் கண்ணாடிக்கே தெரியாது. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்னொரு சேதி. அக்டோபர் நாலு, நம் நாட்டுச் சுதந்திர தினத்துக்கு நலேடி பள்ளியில் ஆடுகிறாள், முன்வரிசை! அவளுக்குப் புதுசாக ஒன்று போட்டுப் பார்க்கிறேன், நூல் மாதிரி மெல்லிய பின்னல், நூற்றுக்கு மேல். நேற்றே தொடங்கிவிட்டேன். அழுது ஆர்ப்பாட்டம். நீ அழும்போது அம்மா உன்னை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொள்வாளே, அதே மாதிரி பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் ராணி மாதிரி இருந்தாள். கண்ணைத்தான் முழுசாக மூட முடியவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்.

உன் அக்கா


புளூம்ஃபொன்டெய்ன்
4 செப்டம்பர் 2005

அக்கா,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே நலேடியின் பின்னலை அவிழ்த்துவிடு. மீதியை அப்புறம் படி. அவிழ்த்துவிட்டு வா.

அவிழ்த்துவிட்டாயா?

போன கடிதத்தில் பல காரணம் என்று எழுதினேன். டாக்டர் பல காரணம் சொல்லவில்லை, ஒன்றுதான் சொன்னாள். முதல் நாள் என் தலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா உனக்குப் பின்னுனது? குதிரைக்கு லகான் மாட்டுறவரா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன் அக்கா. அவளோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அழுதேன்.

"சின்ன வயசுலேர்ந்து இழுத்து இழுத்து வேர் விட்டுப்போச்சு. கொப்புளம் வந்தப்பவே நிறுத்தியிருந்தா எல்லாம் திரும்ப வந்திருக்கும். யாரு பின்னுனது?" என்று மறுபடி கேட்டாள். "ஊர்ல ஒருத்தங்க" என்றேன். அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள்.

வேறு ஒரு கை என் தலையில் பட்டதில்லை என்று நீயே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். அந்தக் காலையில் பெஞ்சில் உட்கார்ந்து நான் ஸ்கார்ஃபைக் கழற்றியிருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், உன்னைத்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள். உன்னிடம் பின்னிக்கொண்ட தலைகள்தான் முற்றம் முழுக்க நின்றன.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மே மாதம் அம்மாவைப் பார்க்க வந்தேனே, நீ கடைக்குப் போயிருந்த மதியம். அம்மாவுக்குச் சோளக்களி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையை நீட்டி என் ஸ்கார்ஃபைத் தள்ளினாள். நான் தடுக்கவில்லை, அவளுக்குக் கையைத் தூக்கவே அவ்வளவு நேரம் ஆனது. நெற்றியிலிருந்து விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனாள், முடி தட்டுப்படும்வரை. வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

"நான்தானே உன்னைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

"இல்லம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அக்காகிட்ட சொல்லாத. நலேடி அப்பன் சுரங்கத்துல செத்துப்போனதுலேர்ந்து அவ கை ஒண்ணுதான் இந்த வீட்டுக்குச் சோறு போடுது. அந்தக் கைக்குக் கெட்ட பேரு வரக் கூடாது. யாருக்கும் காட்டாத."

"சரிம்மா" என்றேன். அம்மாவைவிட முடியைப் பெரிதாக நினைத்து நான் ஓடவில்லை. அவள் சொன்னதற்காக ஓடினேன்.

வாக்கை இப்போது உடைத்துவிட்டேன். நலேடியின் கண்ணை மூட முடியவில்லை என்று நீ சிரித்துக்கொண்டே எழுதியதால் உடைத்துவிட்டேன். அம்மா மன்னிக்கட்டும்.

செய்பாதி


புளூம்ஃபொன்டெய்ன்
23 அக்டோபர் 2005

அக்கா,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. உன் கன்டெய்னர் பூட்டியே இருக்கிறது என்கிறார் லெபுசா அண்ணன். "மாநலேடிக்கு ஒடம்பு சரியில்லையாம்" என்று பெண்கள் வாசலில் வந்து திரும்பிப் போகிறார்களாம்.

திட்டவாவது எழுது.

செய்பாதி


மாஃபெட்டெங்
20 நவம்பர் 2005

செய்பாதி,

திட்டத்தான் உட்கார்ந்தேன். முன்னெல்லாம் நன்றாக வரும், இப்போது வரவில்லை.

நீ சொன்னபடி அன்றே அவிழ்த்தேன். நூற்றுச் சொச்சம் பின்னல், பொழுது சாயும்வரை ஆனது. நலேடி, "ஏம்மா, ஆடுறதுக்கு வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னலோடு வேரும் வந்தது. ஒவ்வொரு முடியின் அடியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு. அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அழுக்கு என்று சொல்லி ஊதித் தள்ளியிருக்கிறேன்.

அதன் பிறகு மூன்று நாள் கடை திறந்தேன். வந்தவர்களை உட்கார வைத்து, பின்ன ஆரம்பிக்காமல் தலையை மட்டும் பார்த்தேன். இத்தனை வருடமாக என் கண் பின்னலைத்தான் பார்த்திருக்கிறது, தலையைப் பார்த்ததே இல்லை. ரொட்டிக் கடைக்காரியின் நெற்றி என் கல்யாணத்தின்போது எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது! "என்னடி முழிக்கிற, பின்னு" என்றாள். என் விரல் அசையவில்லை. நாலாம் நாள் பூட்டிவிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நீயும் அம்மாவும் சேர்ந்து என்னைக் காப்பாற்றினீர்கள், சரி. ஐந்து வருடம், செய்பாதி. முதல் வருடம் சொல்லியிருந்தால் நலேடிக்கு அப்போது நாலு வயது. அவள் தலையில் நான் சீப்பே வைத்திருக்கவில்லை. இந்த ஐந்து வருடத்தில் இந்தக் கையில் எத்தனை தலை வந்து போயிருக்கும்? என் கைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்றீர்கள். கை கெட்டுப்போனதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இதை எழுதிவிட்டு வெட்கப்படுகிறேன். வலிக்கிறது என்று ஆறு வயதிலிருந்து நீ சொல்லிக்கொண்டுதானே இருந்தாய். நான்தான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய், வெங்காயம் எல்லாவற்றையும் கொட்டிவிடு. ஊசியை நிறுத்தாதே. நிறுத்தச் சொன்னேனே, நிறுத்திவிடவில்லையே?

டிசம்பர் 27 கறுப்பு எடுக்கிறோம். ஜூலையில் வராதே என்றேன். இப்போது வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. பெஞ்சில் உனக்கு இடம் இருக்கும், அதை மட்டும் சொல்கிறேன்.

மாநலேடி


புளூம்ஃபொன்டெய்ன்
8 ஜனவரி 2006

அன்புள்ள அக்கா,

பஸ் நிலையத்தில் உன்னிடம் ஒன்றும் பேசாமல் ஏறிவிட்டேன். அங்கே பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வரும் வழியெல்லாம் ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். "புளூம்ஃபொன்டெய்ன் சலூன்ல கிரீம் போட்டாங்க, வெந்துபோச்சு." யாருக்கும் சந்தேகம் வராது, பட்டணத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கில் பாதியாவது மிஞ்சும் என்று நினைத்தேன்.

உன் தலையைத் தடவி அத்தை அந்த வார்த்தைகளைச் சொன்னாள். உன் முடி அவள் விரலிடுக்கில் புகுந்து வெளியே வந்தது, பார்த்தேன். பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து நான் ஸ்கார்ஃபை எடுத்தேன். ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா அடித்தாள்.

அத்தையின் கை நெற்றியில் தொடங்கி வழுக்கிக்கொண்டே போனது.

"என்னடி இது? சட்டியத் தடவுற மாதிரி இருக்கு. யாரு கைடி இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்துவிட்டாய்.

"என் கை அத்தை."

"என்னது?"

"நான்தான் பின்னுனேன். ஆறு வயசுலேர்ந்து. வேற யாரும் இவ தலையத் தொட்டதில்ல, உங்க எல்லாருக்கும் தெரியும். இழுத்து இழுத்து வேரக் கொன்னுட்டேன். இங்க நிக்கிறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயி நெத்தியத் தொட்டுப் பாருங்க. கொப்புளம் இருந்தா இன்னைக்கே அவுத்துருங்க."

ரொட்டிக் கடைக்காரியின் கை அங்கேயே அவள் நெற்றிக்குப் போனது. அதை நீ பார்த்துக்கொண்டே நின்றாய். உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அத்தை கையை முன்னாலேயே வைத்துக்கொண்டு, முடி இல்லாத இடத்திலேயே வைத்துக்கொண்டு, "உங்கம்மா உன்னை விட்டுட்டா, போ" என்றாள். பின்னால் முடி இருக்கிறது, அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம். அவள் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனேன். கோட்டுக்குப் பின்னால் பூனை முடி மாதிரி எழும்புகிறது என்று கண்ணாடி பிடித்துக் காட்டினாள். ஊசியை நான் நிறுத்தவே இல்லை. முன்னால் பழையபடிதான். அது அப்படியேதான் இருக்கும். எனக்கு முப்பத்தொன்று ஆகிறது, இன்னும் நாற்பது வருடம் இதைப் பார்க்க வேண்டும். சில நாள் காலையில் அதை நினைத்தால் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. பொய் சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன்.

"அட்டையில 'ஊர்ல ஒருத்தங்க'ன்னு எழுதியிருக்கேன், அது யாருன்னு சொல்றியா இப்பவாவது?" என்று டாக்டர் கேட்டாள்.

"எங்க அக்கா" என்றேன். அவள் பேனாவை எடுத்து, பிறகு எழுதாமல் வைத்துவிட்டாள்.

உன் தங்கை
செய்பாதி


மாஃபெட்டெங்
12 பிப்ரவரி 2006

அன்புள்ள செய்பாதி,

கடை திறந்திருக்கிறேன். தளர்த்தித்தான் பின்னுகிறேன். இரண்டு வாரத்தில் கலைந்துவிடுகிறது என்று பாதிப் பேர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புதுப் பெண்ணிடம் போய்விட்டார்கள். அவள் நன்றாக இறுக்குவாளாம். ரொட்டிக் கடைக்காரி என்னிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் ஸ்கார்ஃபை இறக்கிவிட்டுக்கொண்டு போகிறாள்.

அத்தை கழற்றிய கறுப்பை நான் மறுபடி குத்திக்கொண்டேன். "கணக்கு முடிஞ்சுதே, இன்னும் யாருக்குடி?" என்று கேட்டாள். அம்மாவுக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

நலேடிக்கு நெற்றி ஓரத்தில் முடி வந்திருக்கிறது. சின்னச் சின்னதாக, நேராக நிற்கிறது, படுக்க வைத்தால் படுக்க மாட்டேன் என்கிறது. நேற்று கண்ணாடி முன்னால் நின்று அதை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சித்திக்கும் இந்த மாதிரி வருமா?"

"முன்னால வராது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"யாரும்மா அப்படிப் பண்ணுனது?"

முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னபோது அவள் பெரியப்பா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் சொல்லாமல் விட்டது போதும் என்று, "நான்தான்" என்றேன்.

வெகுநேரம் என் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். பிறகு சீப்பை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். நான் தொடுவதற்கு முன்னாலேயே அவள் தோள் இறுகியது.

"மெதுவாம்மா" என்றாள்.

அக்கா